சரிபார்ப்புப் பிரிவைக் கலைக்காதீர்கள்: இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

ஏப்ரல் 1ஆம் தேதி முதல் நம் நிறுவனத்தின் தனிச் சரிபார்ப்புப் பிரிவு கலைக்கப்படும் என்றும், அதில் இருக்கும் நான்கு பேரும் வெவ்வேறு திட்டக் குழுக்களுக்கு அனுப்பப்படுவோம் என்றும், இனி ஒவ்வொரு கணக்கையும் அதைப் போட்ட பொறியாளரே இரண்டாவது மென்பொருள் ஒன்றில் ஓட்டிப் பார்த்து ஒப்பமிட்டால் போதும் என்றும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பலமுறை படித்துவிட்டேன். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுக்கு இரண்டு முறை தனியே எழுதினேன். இரண்டு முறையும் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. ஆகவே இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நம் நிறுவனத்தின் பெயரையும், வாடிக்கையாளரின் பெயரையும், எந்த மின் நிலையத்துக்கான வேலை என்பதையும் இந்த மடலில் எங்கும் சொல்லவில்லை. தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் ஐவரில் மூவருக்குத் தமிழ் தாய்மொழி. சென்னை அலுவலகத்தில் இரவு பகலாக உட்கார்ந்து கணினியில் கட்டமைப்புகளின் மாடல் போடும் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் முடிவின் பாரம் முதலில் அவர்கள் தலையில்தான் இறங்கப்போகிறது.

நான் அந்தப் பிரிவின் நால்வரில் ஒருத்தி. பதினேழு ஆண்டுகளாகக் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். முதல் பதினோர் ஆண்டுகள் சிங்கப்பூரின் ஜூரோங் தீவு ஆலைகளுக்கான குழாய்த் தாங்கிகளிலும் உருக்குச் சட்டகங்களிலும் கழிந்தன. கடந்த ஆறு ஆண்டுகளாக, வெளிநாட்டு அணு மின் நிலையம் ஒன்றின் துணைக் கட்டடங்களுக்கு நாம் எடுத்திருக்கும் துணை ஒப்பந்த வேலையைச் சரிபார்த்து வருகிறேன். என் வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. எனக்காக எதையும் கேட்க இதை எழுதவில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் நடந்ததை உங்களுக்கு மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அதைச் ‘சிறு அமைப்புப் பிழை’ என்ற தலைப்பில் முடித்துவிட்டீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு கோப்பு வந்தது. குளிர்விக்கும் நீரைக் கொண்டுசெல்லும் மூன்று குழாய்களைச் சுமக்கும் உருக்குச் சட்டகம் அது. அறிக்கையில் எல்லா உறுப்புகளும் பச்சை நிறத்தில் இருந்தன. எந்த உறுப்பிலும் சுமை அதன் தாங்குதிறனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவில்லை. நான் எப்போதும் செய்வதுபோல அறிக்கையின் முடிவுப் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன், குழாய்களின் எடை, உள்ளே இருக்கும் நீரின் எடை, வால்வின் எடை ஆகியவற்றைக் கூட்டி, மூலைத் தூண் ஒன்றுக்கு எவ்வளவு வரும் என்று பென்சிலில் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 120 கிலோநியூட்டன் அழுத்தம் வந்தது. அறிக்கையிலும் அதே 120தான் இருந்தது. அடுத்து நிலநடுக்கத்தைச் சேர்த்த வரியைப் பார்த்தேன். அதே தூணில் 30 என்று இருந்தது.

நிலநடுக்கம் வரும்போது மூலைத் தூணில் அழுத்தம் எப்படிக் குறையும்? சட்டகம் ஒரு பக்கம் சாயும்போது ஒரு தூண் தளரலாம், ஆனால் மறுபக்கம் சாயும்போது அதே தூண் நசுங்கத்தானே வேண்டும்? நிலநடுக்கத்தால் மட்டும் அந்தத் தூணுக்கு வந்த விசை 90 கிலோநியூட்டன். நிலநடுக்க விசையைக் கணக்கிட நாம் பயன்படுத்தும் ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் முறையில், சட்டகம் அதிரக்கூடிய ஒவ்வொரு விதத்துக்கும், அதாவது ஒவ்வொரு அதிர்வுப் பாங்குக்கும், கிடைக்கும் உச்ச அளவுகளை வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கிறோம். அப்படிச் செய்த பின் விசையின் அளவு மட்டுமே எஞ்சும். அது இழுவையா அழுத்தமா என்ற குறி அழிந்துபோகும். ஆகவே அந்த 90ஐ ஒருமுறை கூட்டியும் ஒருமுறை கழித்தும் இரண்டையும் சோதிக்க வேண்டும். இழுவையை நேர்க்குறியாகவும் அழுத்தத்தை எதிர்க்குறியாகவும் வைக்கும் அந்த மென்பொருள், ஏற்கெனவே இருந்த 120 அழுத்தத்தோடு 90ஐ இழுவையாக மட்டுமே சேர்த்து 30 என்று சொல்லிவிட்டது. மறுபாதியான 210ஐ அது போடவே இல்லை. அந்தத் தூணின் தாங்குதிறன் 184. வடிவமைப்புக்குரிய நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்று தள்ளப்பட வேண்டிய தூணுக்கு அறிக்கை பச்சை காட்டியது.

அந்தக் கணக்கைப் போட்ட இளம் பெண் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். “அக்கா, ரெண்டாவது சாஃப்ட்வேர்லயும் ஓட்டிப் பார்த்துட்டேன், அதுலயும் அதே முப்பதுதான் வருது” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வேலையில் அசட்டையும் காட்டவில்லை. முதல் மென்பொருளிலிருந்து மாடலை ஏற்றுமதி செய்து இரண்டாவதில் திறந்திருந்தார். மாடலோடு, எந்தெந்தச் சுமைகளை எப்படிச் சேர்த்துச் சோதிப்பது என்று சொல்லும் சுமைச் சேர்க்கைகளின் பட்டியலும் சேர்ந்தே போயிருந்தது. அந்தப் பட்டியலிலேயே பாதி இல்லை. ஜூன் மாதம் புதிய பதிப்புக்கு மாறியபோது, சேர்க்கைகளைத் தானாக உருவாக்கும் பகுதியில் எதிர்க்குறித் தொகுதி விடுபட்டுப்போயிருந்ததுதான் காரணம் என்று மென்பொருளை விற்றவர்கள் ஒன்பது நாட்கள் கழித்து ஒப்புக்கொண்டார்கள்.

உங்கள் புதிய நடைமுறை எதைச் சரிபார்ப்பு என்று அழைக்கிறதோ, அதை அந்தப் பெண் ஆகஸ்டிலேயே செய்து முடித்திருந்தார். இரண்டு மென்பொருள்களும் ஒத்துப்போயின. இரண்டும் ஒரே தவற்றைச் சொல்லின.

இத்தகைய தவறு இன்று நேற்று வந்ததன்று. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1979 மார்ச் 13ஆம் தேதி ஐந்து அணு உலைகளை நிறுத்தும்படி உத்தரவிட்டது. பென்சில்வேனியாவின் பீவர் வேலி முதல் அலகு, நியூயார்க்கின் ஃபிட்ஸ்பேட்ரிக், மேய்ன் மாநிலத்தின் மேய்ன் யாங்கி, வர்ஜீனியாவின் சர்ரி நிலையத்து இரண்டு அலகுகள். ஐந்தின் குழாய்களுக்கும் நிலநடுக்கக் கணக்குப் போட ஒரே வடிவமைப்பு நிறுவனத்தின் கணினி நிரல் பயன்பட்டிருந்தது. வெவ்வேறு திசைகளில் வரும் அதிர்வின் விளைவுகளை அந்த நிரல் கூட்டல் கழித்தல் குறியோடு சேர்த்தது. ஒரு திசையிலிருந்து 60ம் இன்னொரு திசையிலிருந்து எதிர்க்குறியோடு 50ம் வந்தால் அந்த நிரலுக்கு விடை 10. இரண்டு உச்சங்களும் ஒரே நொடியில் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆகவே வர்க்கமூல முறையில் 78 என்றோ, முழுக் கூட்டலாக 110 என்றோதான் எடுத்திருக்க வேண்டும். உலையைக் குளிர்விக்கும் அமைப்புகளின் குழாய்கள் பல ஆண்டுகளாக அந்த 10ஐ நம்பி நின்றன. அடுத்த மாதம் ஆணையம் மற்ற நிலையங்களையும் தத்தம் குழாய்க் கணக்குகள் எந்த முறையில் போடப்பட்டன என்று பார்த்துச் சொல்லச் சொன்னது. ஜூலையில், வரைபடத்தில் இருக்கும் குழாயும் தளத்தில் உண்மையில் பொருத்தப்பட்ட குழாயும் ஒன்றுதானா என்று நேரில் போய்ப் பார்க்கவும் சொன்னது.

அந்தப் பிழை எப்படி வெளிப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய நிரலின் விடைகளை அப்போது ஏற்கப்பட்டிருந்த வேறொரு நிரலின் விடைகளோடு ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடுகள் தெரிந்தன. ஆகவே இரண்டாவது மென்பொருளால் பயனே இல்லை என்று நான் வாதிடவில்லை. தவறு நிரலுக்குள் இருந்தால் இன்னொரு நிரல் அதைக் காட்டிக்கொடுக்கலாம். தவறு நிரலுக்கு வெளியே, நாம் அதற்குக் கொடுக்கும் மாடலிலோ, சுமைப் பட்டியலிலோ, வரைபடத்திலோ இருந்தால் எத்தனை நிரல்களில் ஓட்டினாலும் அது அப்படியேதான் இருக்கும்.

நார்வேயின் ஸ்லைப்னர் ஏ என்ற எரிவாயுக் கடல்மேடையின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்டு 23ஆம் தேதி, ஸ்டவாங்கர் அருகே காண்ட்ஸ் ஃபியோர்டில் சோதனைக்காக நீரில் இறக்கப்பட்டபோது உடைந்து மூழ்கியது. அங்கே பயன்பட்டது உலகமே நம்பிய மென்பொருள். அறைகள் சந்திக்கும் முக்கோண மூலைகளில் போட்ட மெஷ், அதாவது கணக்குக்காகக் கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை, சரியில்லாததால் சுவரைக் குறுக்காக வெட்டப் பார்க்கும் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக வந்தது. விபத்துக்குப் பின் கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று சொன்னது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். அதே மெஷ்ஷை வேறொரு மென்பொருளுக்கு ஏற்றியிருந்தாலும் அதே குறைந்த தகைவுதான் வந்திருக்கும். கலிஃபோர்னியாவின் டியாப்லோ கேன்யன் நிலையத்தில் இதைவிட எளிய தவறு நடந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிக் கட்டப்பட்ட இரண்டு அலகுகளில், முதல் அலகின் நிலநடுக்கக் கணக்குக்கு இரண்டாம் அலகின் வரைபடம் எடுக்கப்பட்டிருந்ததை 1981 செப்டம்பரில் ஓர் இளம் பொறியாளர் கண்டுபிடித்தார். நவம்பரில் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. வடிவமைப்பை வெளியாள் சுயேச்சையாகச் சரிபார்த்த பிறகுதான் அது மீண்டும் கிடைத்தது. அந்தத் தவறு மென்பொருளில் இல்லை.

மண்ணும் கட்டடமும் சேர்ந்து அதிர்வதைக் கணக்கிடும் சாஸி என்ற நிரலை நம்மில் பலர் பயன்படுத்துகிறோம். அதில் நேரத்தை மிச்சப்படுத்த உதவும் ‘கழித்தல் முறை’ என்ற சுருக்கவழி, சில அதிர்வெண்களில் பிழையான விடை தருகிறது என்று அமெரிக்காவின் இராணுவம் சார்ந்த அணுநிலையங்களைக் கண்காணிக்கும் வாரியம் 2011இல் அந்நாட்டு எரிசக்தித் துறைக்கு எழுதியது. அதற்கு முன் பல ஆண்டுகளாகத் திறமையான பொறியாளர்கள் அதே வழியைப் பின்பற்றியிருந்தார்கள். திறமை குறைந்தவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று சுற்றறிக்கையில் ஒரு தொனி இருக்கிறது. அது என்னை மிகவும் வருத்தியது.

இதெல்லாம் எங்கோ நடந்தவை என்று நீங்கள் சொல்ல முடியாது. இதே சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில் 1986 மார்ச் 15ஆம் தேதி ஹோட்டல் நியூ வோர்ல்டு இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் தன் எடையையே கணக்கில் சேர்க்காமல் தூண்கள் வடிவமைக்கப்பட்டிருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. அந்தத் தவற்றைப் பிடிக்க இன்னொருவர் காகிதத்தில் போடும் பத்து நிமிடக் கணக்கு போதும், ஆனால் அந்த இன்னொருவர் இல்லை. நாம் அன்றாடம் ‘ஏசி’ என்று சுருக்கிச் சொல்லும் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் என்ற பொறுப்பை 1989ஆம் ஆண்டுக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது அதன் பிறகுதான். அந்தக் கட்டட வேலையில் தொழில்முறையிலோ பணத்திலோ தொடர்பில்லாத ஒருவர் தனியே பார்க்க வேண்டும் என்பது இந்த ஊரில் 33 உயிர்களைக் கொடுத்துப் பெற்ற விதி.

நிக்கல் நெடுஞ்சாலை விபத்து நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. 2004 ஏப்ரல் 20ஆம் தேதி பிற்பகல், வட்டப் பாதை ரயிலுக்காக முப்பது மீட்டர் ஆழம் தோண்டியிருந்த பள்ளத்தின் தாங்குசுவர்கள் சரிந்து, நெடுஞ்சாலையின் ஒரு பகுதி உள்ளே போனது. நான்கு பேர் இறந்தார்கள். தம் ஆட்களை முதலில் வெளியேற்றிய மேற்பார்வையாளரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மென்மையான கடற்களிமண்ணின் பலத்தை உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும் ஒரு கணக்கு முறை மென்பொருளில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. சுவரில் வரும் வளைவு விசையும் நகர்வும் ஏறக்குறைய பாதியாகத்தான் வந்தன. முட்டுச்சட்டங்களும் சுவரோரத்து உத்திரங்களும் சேரும் இணைப்புகளும் பலம் குறைவாக வடிவமைக்கப்பட்டிருந்தன. விசாரணைக் குழு இரண்டையும் காரணங்களாகச் சொன்னது. மென்பொருள் பழுதில்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னது. கேள்வி அந்த மண்ணுக்குப் பொருந்தாதது என்று சொல்லும் அதிகாரத்தோடு தனியே ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. நம் நிறுவனத்தில் சேரும் ஒவ்வொரு புதிய பொறியாளருக்கும் முதல் வாரத்தில் இந்த விபத்தை நாம்தான் பாடமாக நடத்துகிறோம். பாடம் நடத்துபவர் சரிபார்ப்புப் பிரிவின் மூத்தவர். அவரைத்தான் இப்போது டெங்கா திட்டத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள்.

சுற்றறிக்கை சொல்லும் முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். ‘கடந்த மூன்று ஆண்டுகளில் சரிபார்ப்புப் பிரிவு பெரிய பிழை எதையும் பதிவு செய்யவில்லை, ஆகவே அதன் செலவுக்கு ஏற்ற பயன் இல்லை’ என்கிறீர்கள். எங்கள் பதிவேட்டை யாராவது திறந்து பார்த்தீர்களா என்று மரியாதையோடு கேட்கிறேன். ‘பிழை’ என்ற கட்டத்தில் நாங்கள் எழுதினால் திட்டக் குழுவின் தரப்புள்ளி குறைகிறது, மேலாளர் எங்களை அழைத்துப் பேசுகிறார். அதனால் பல ஆண்டுகளாகப் பெரிய விஷயங்களும் ‘கருத்து’ என்ற கட்டத்தில்தான் எழுதப்படுகின்றன. கோப்பு திரும்பிப் போகும், திருத்தி வரும், ‘கருத்து ஏற்கப்பட்டது’ என்று மூடப்படும். மேலே சொன்ன 210 கிலோநியூட்டன் தூணும் அந்தப் பதிவேட்டில் ‘கருத்து எண் 14’தான். இந்த வழக்கத்துக்கு நாங்களும் உடந்தை. சண்டை வேண்டாம் என்று எண்ணி நான் எழுதிய ஒவ்வொரு ‘கருத்து’ம் இன்று எங்கள் பிரிவைக் கலைக்க உங்களுக்கு ஆதாரமாகியிருக்கிறது. அதற்கான பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்து, நீங்கள் எந்தச் சந்தையை நோக்கிப் போகிறீர்கள் என்பது. சிங்கப்பூர் அரசு 2012இல் அன்றிருந்த அணுமின் தொழில்நுட்பம் நம் நாட்டுக்குப் பொருந்தாது என்றது. பின்னர் சிறு அணு உலைகளைக் கவனித்து வந்து, 2024 ஜூலையில் அமெரிக்காவோடு அமைதிப் பயன்பாட்டுக்கான அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அணுமின்சாரத்துக்கான சாத்தியத்தை ஆராயப்போவதாகப் பிரதமர் அறிவித்தார். தேசியப் பல்கலைக்கழகத்தில் அணுசக்தி ஆராய்ச்சி, பாதுகாப்புக் கழகம் விரிவாக்கப்பட்டிருக்கிறது. கட்டுவதா வேண்டாமா என்று நாடு இன்னும் முடிவெடுக்கவில்லை. அந்த முடிவுக்கு முன்பே அனுபவம் சேர்த்து வைக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரிதான். அந்த ஆசை எனக்கும் உண்டு. நான் பிறந்தது சதுரங்கப்பட்டினத்தில். கல்பாக்கம் நிலையத்தின் வளாக விளக்குகளைப் பார்த்து வளர்ந்தவள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்த அன்று, ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது என்ற செய்தி வரும்வரை சிங்கப்பூரில் தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அணு மின்சாரத்துக்கு நான் எதிரி இல்லை.

ஆனால் அந்தத் துறையின் விதிகள் நமக்குத் தெரிந்தவைதான். அமெரிக்க விதித்தொகுப்பில் 10 சிஎஃப்ஆர் 50, பின்னிணைப்பு பி, மூன்றாவது விதி, வடிவமைப்பைச் சரிபார்ப்பவர் அதை முதலில் செய்தவர் அல்லாத வேறு ஒருவராகவோ குழுவாகவோ இருக்க வேண்டும் என்கிறது. அவர்கள் அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்றும் சொல்கிறது. எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு அது சொல்லும் வழிகளில் ஒன்று மாற்று அல்லது எளிமையாக்கிய கணக்கு முறை. நாங்கள் பென்சிலில் போடுகிறோமே, அதுதான் அது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் பாதுகாப்பு மதிப்பீட்டு நெறிகளும் சுயேச்சையான சரிபார்ப்பைக் கட்டாயமாக்குகின்றன. கணினி நிரல்கள் சோதித்து உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும் என்றும் தனியே கேட்கின்றன. கணக்கைப் போட்டவரே அதைச் சரிபார்த்ததாகவும் ஒப்பமிடும் உங்கள் நடைமுறை, நம் வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் இருக்கும் தர விதியோடு எப்படிப் பொருந்தும் என்று சட்டப் பிரிவிடம் கேட்டீர்களா?

செலவைப் பற்றி உங்கள் நிலையை நான் புரிந்துகொள்கிறேன். வாடகை ஏறிவிட்டது, போட்டி நிறுவனங்கள் விலையைக் குறைத்துவிட்டன, நால்வரின் சம்பளம் பெரிய தொகை. அதை மிச்சப்படுத்த வேறு வழிகள் எதையும் எங்களிடம் கேட்கவில்லை.

சென்னையிலிருக்கும் இளையவர்களுக்கு இது என்ன செய்யும் என்பது என்னை இன்னும் அதிகமாக உறுத்துகிறது. இன்றைக்கு அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் இரவு பத்து மணிக்குக்கூட எங்களில் ஒருவரை அழைத்து, “அக்கா, இந்த எண் கொஞ்சம் சின்னதாத் தெரியுதே” என்று சொல்ல முடிகிறது. அழைக்கும் அந்தப் பழக்கம் வருவதற்கு ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஏப்ரலுக்குப் பிறகு, வெள்ளிக்கிழமைக்குள் கோப்பை அனுப்பச் சொல்லும் திட்ட மேலாளரிடம்தான் அவர்கள் அந்தச் சந்தேகத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி, பச்சை நிறத்தில் இருக்கும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இது தவறாக இருக்கலாம் என்று தன் மேலாளரிடம் சொல்வாள் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

இனி நான் கேட்பவை.

முதலாவதும் மிக அவசரமானதும், ஜூன் மாதம் புதிய பதிப்பு வந்ததிலிருந்து ஆகஸ்டில் பிழை தெரியும்வரை நாம் வெளியே அனுப்பிய 38 கணக்குக் கோப்புகளைப் பற்றியது. அவற்றில் 11ஐ மட்டுமே மீண்டும் பார்த்திருக்கிறோம். அந்தப் பதினொன்றில் இரண்டில் தூண்களை மாற்ற வேண்டி வந்தது. மீதி 27ம் ‘அடுத்த நிதியாண்டுக்கு’ என்று ஒத்திவைக்கப்பட்டுள்ளன. பிரிவு கலைந்துவிட்டால் அவற்றைப் பார்க்க ஆளே இருக்காது. அந்த 27ஐயும் கைக்கணக்கோடு இந்த மாதமே சரிபார்க்க உத்தரவிடுங்கள்.

அதோடு, மென்பொருளில் இந்தப் பிழை இருந்ததை வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். திருத்திய இரண்டு கோப்புகளையும் ‘மேம்படுத்திய பதிப்பு’ என்று அனுப்பினோமே தவிர, ஏன் திருத்தினோம் என்று இதுவரை சொல்லவில்லை. அணுநிலையப் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய குறை தெரிந்தால் அறிவிக்க வேண்டும் என்பது அந்தத் துறையில் சட்டக் கடமை. அது எவ்வளவு பெரிய குறை என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் நிலையத்தை நடத்துபவர்கள். நாம் சொன்னால்தான் அவர்களால் தீர்மானிக்க முடியும். சொல்லாமல் அந்த முடிவை அவர்களுக்காக நாமே எடுத்துவிட்டோம்.

ஏப்ரல் 1ஆம் தேதிக்கான கலைப்பு உத்தரவை நிறுத்திவையுங்கள். எல்லாத் திட்டங்களுக்கும் நால்வரை வைத்திருக்க முடியாது என்றால் சாதாரணக் கட்டட வேலைகளை எங்களிடமிருந்து எடுத்துவிடுங்கள், அணுநிலைய வேலைக்கு மட்டுமாவது திட்டக் குழுவுக்குக் கட்டுப்படாத இருவர் இருக்கட்டும். அவர்கள் ஒரு கோப்பை நிறுத்தினால் அதை விடுவிக்கும் அதிகாரம் திட்ட மேலாளருக்கு இருக்கக் கூடாது. எந்த மென்பொருளும் புதிய பதிப்புக்கு மாறும்போது, விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைக் கணக்குகளை அதில் ஓட்டி, பழைய விடையோடு ஒத்தால் மட்டுமே வேலைக்கு அனுமதிக்க வேண்டும். அப்படிப்பட்ட 22 கணக்குகளை நாங்களே தொகுத்துப் பொதுக் கோப்புறையில் வைத்திருக்கிறோம். ஜூன் மாதம் அவற்றை ஓட்ட இரண்டு நாட்கள் கேட்டோம், கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்பதாவது கணக்கு எதிர்க்குறிச் சேர்க்கையைச் சோதிப்பதுதான்.

பதிவேட்டில் ‘பிழை’ என்று எழுதுவதால் யாருடைய தரப்புள்ளியும் குறையாது என்று எழுத்தில் அறிவியுங்கள். பழைய ‘கருத்து’களை மீண்டும் படித்து, எவை உண்மையில் பிழைகள் என்று பிரித்துத் தர நான் தயாராக இருக்கிறேன். அதற்குக் கூடுதல் ஊதியம் கேட்கவில்லை.

மார்ச் 20ஆம் தேதிக்குள் இவற்றுக்கு ஒவ்வொன்றாக எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, அந்த 27 கோப்புகளில் எதிலும் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்திட மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் சரிபார்ப்புப் பிரிவின் முதுநிலைக் கட்டமைப்புப் பொறியாளர்,
சிங்கப்பூர்